மூலை விசிறி

கெட்ட தையலைப் பிரிப்பது எங்கள் ஓடைப்பக்கத்தில் குற்றமில்லை. உபகாரம் என்றுதான் பேர். சர்ச்சுக்கு அடியில் இருக்கிற அறையில் செவ்வாய்க்கிழமைதோறும் ஏழெட்டுப் பெண்கள் மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒட்டுப்போர்வை தைப்பார்கள். துண்டுத் துணிகளைச் சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற பொடித் தையல்தான் வேலை. ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையல் விழவேண்டும். புதிதாய்க் கல்யாணமாகி வந்தவளுக்கு ஆறு விழும். கண் மங்கினவளுக்கு நாலு விழும், அதுவும் கோணலாக. அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். “நல்லாருக்குக்கா” என்பார்கள். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறி, அவளுடைய கார் பாலத்தைத் தாண்டுகிற சத்தம் கேட்டதும் ஒருத்தி பிளேடை எடுப்பாள். அடுத்த செவ்வாய் அதே இடத்தில் பத்துப் பத்தாக ஓடிக்கிடக்கும். வந்தவள் தன் கைதான் என்று நினைத்துக்கொள்வாள். நினைக்காவிட்டாலும் நினைத்ததுபோல இருந்துவிடுவாள்.

டெல்மருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் பெண்சாதி ஓர்பாதான் இருபத்திரண்டு வருஷம் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. யாருடையதைப் பிரித்தாள் என்று ராச்சாப்பாட்டில், சோள ரொட்டியை மோரில் பிய்த்துப் போட்டபடி சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது அவளுக்கே கண் போய்விட்டது. சர்க்கரை. முதலில் நூல் கோக்க முடியவில்லை. டெல்மர் காலையில் காப்பி குடித்த கையோடு இருபது ஊசிக்கு நூல் கோத்துத் தேன்மெழுகில் இழுத்து வரிசையாகக் குத்தி வைப்பார். பிறகு கோடு தெரியவில்லை. சுண்ணக்கட்டியால் போட்ட கோட்டை விரலால் தடவித் தைத்தாள். விரல் பட்டால் சுண்ணம் அழியாதா?

போன இலையுதிர் காலத்திலிருந்து அவள் வீட்டில் தைத்துக்கொண்டிருந்தது சர்ச்சுப் போர்வை இல்லை. மகள் டோனிட்டாவின் போர்வை. டோனிட்டா செத்து நாலு வருஷம் ஆகிறது. முதியோர் விடுதியில் ஆட்களைத் தூக்கிப் புரட்டுகிற வேலையில் முதுகு பிடித்துக்கொண்டு, டாக்டர் வலி மாத்திரை எழுதிக்கொடுத்து, அந்த மாத்திரையை விடமுடியாமல் முப்பத்தாறு வயதில் குளியலறைத் தரையில் போனாள். எங்கள் பக்கம் அப்படிப் போனவர்களை எண்ண இரண்டு கை போதாது. அதற்கெல்லாம் முந்தி, பதினொரு வருஷத்துக்கு முன்பு, ஒரு கோடையில் ஒரு வாரம் தாய் வீட்டில் வந்து இருந்தாள். அப்போது அவள் சேர்த்துக் கொண்டுவந்த மேல்துணி இது. கரடிப் பாதம் என்கிற கோலம், வெள்ளையில் சிவப்பும் நீலமுமாக. அம்மாவும் மகளும் சட்டத்தில் மாட்டினார்கள். தைக்க எடுத்தது விசிறித் தையல்: மூலையில் ஒரு ஆணியை ஊன்றி, நூலில் சுண்ணத்தைக் கட்டி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஐந்து வளைவு போட்டால் ஒரு விசிறி. முதல் விசிறியை டோனிட்டா தைத்தாள். பெரிய பெரிய தையல். அதோடு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். தைத்த பக்கத்தைக் கழியில் சுருட்டிவிட்டுச் சட்டத்தைக் கயிற்றால் இழுத்துக் கூரையோடு கட்டினார்கள். பழைய விரிப்பைப் போர்த்தியபடி அது அங்கேயே தொங்கியது.

இப்போது டோனிட்டாவின் பெண் கெண்ட்ரா பள்ளி முடிக்கிறாள். ஒஹாயோவில் அப்பனோடு இருக்கிறாள். மே மாதம் பட்டம் வாங்கும்போது அதைக் கொடுக்க வேண்டும் என்று ஓர்பா சட்டத்தை இறக்கச் சொன்னாள்.

“அவ அம்மா கை பட்டதுன்னு அந்தப் புள்ளைகிட்ட என்ன இருக்கு சொல்லு. சட்டை துணியெல்லாம் அந்த ஆளு சாக்குல கட்டிக் குடுத்துட்டான். அந்த மூலை ஒண்ணுதான். மிச்சத்த நான் தைச்சுக் குடுத்துருவேன்” என்றாள்.

“கண்ணு தெரியலையேடி.”

“கைக்குத் தெரியும். நீ நூலக் கோத்து வை.”

கைக்குத் தெரியவில்லை. பிப்ரவரி வரைக்கும் அவள் குனிந்து குனிந்து தைத்ததை டெல்மர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நாலு விழுந்தது, மூன்று விழுந்தது. கோடு ஓடையைப்போல எங்கெங்கோ போயிற்று. “நேரா இருக்கா?” என்று கேட்பாள். “இருக்கு” என்பார். கால் பெருவிரல் நகம் மாட்டிக்கொள்கிற தையல் என்று இவளே மற்றவர்களைக் கேலி செய்வாள். இப்போது இவள் தைத்ததில் குதிகாலே மாட்டும்.

மார்ச் தொடக்கத்தில் லெக்சிங்டன் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு அறுவை என்று தேதி கொடுத்தார்கள். ஓர்பாவின் தங்கை கூடப் போனாள். டெல்மர் போகவில்லை. முப்பத்தொரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்த நெஞ்சு அது. ஆஸ்பத்திரிப் படி ஏறினால் அவரையும் ஒரு கட்டிலில் போட்டுவிடுவார்கள். தவிர, டாக்டர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒருத்தன் அவர் நெஞ்சில் குழாயை வைத்து ஒவ்வொரு வருஷமும் ஒன்றுமில்லை என்று எழுதினான். இன்னொருத்தன் மகளுக்கு மாத்திரை எழுதினான்.

அவள் போன அன்று மழை விடாமல் பெய்தது. ஓடை கலங்கி முற்றத்து வேலியைத் தொட்டது. டெல்மர் அடுப்பில் கரியைத் தள்ளிவிட்டு அந்தப் போர்வையைப் பார்த்தபடி நின்றார். இது இப்படியே அந்தப் பெண்ணிடம் போனால் என்ன நினைப்பாள்? ஓர்பா பேர் சொல்லிச் சிரிக்க மாட்டார்களா? யோசித்துவிட்டு மோசெல்லுக்குப் போன் செய்தார். ஓர்பாவுக்கு அடுத்து இப்போது சர்ச்சுக் கூட்டத்தை நடத்துகிறவள் மோசெல்தான்.

அவளும் இமோஜீனும் ஊசிப்பெட்டியோடும் மூடிபோட்ட ஒரு தட்டுக் கறியோடும் வந்தார்கள். பெண்கள் இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது.

“டெல்மரண்ணே, நீங்களா கூப்பிட்டீங்க? நாலு வருசமா எங்க மூஞ்சியப் பாக்கமாட்டீங்களே” என்றாள் இமோஜீன்.

“பாக்கணும்னு கூப்பிடல. கேக்கணும்னு கூப்பிட்டேன்.”

“கேளுங்க.”

“ஓர்பா தைச்சதப் பாருங்க.”

இருவரும் குனிந்து பார்த்தார்கள். மோசெல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “பாவம் அக்கா” என்றாள்.

“அவ வர்றதுக்குள்ள அதச் சரி பண்ணணும். நீங்க சர்ச்சுல பண்ற மாதிரி. அவளுக்குத் தெரியக்கூடாது. தைக்காத மிச்சத்தையும் தைச்சு, ஓரத்துக்குப் பட்டியும் கட்டிருங்க. கேட்டா, மிச்சத்த மட்டும் நீங்க முடிச்சீங்கன்னு நான் சொல்லிக்கிறேன்.”

“நாங்க பாத்துக்கறோம். நீங்க வெளிய போங்கண்ணே. ஆம்பளை நின்னா எனக்கு ஊசி ஓடாது.”

“ஆம்பளை எங்க நிக்கிறாரு, டெல்மரண்ணேதான நிக்கிறாரு” என்றாள் இமோஜீன்.

அவர் வாசல்வரை போனார். அங்கே நின்றார். அந்த மூலையைப்பற்றிச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் அதைச் சொன்னால் டோனிட்டா பேரைச் சொல்ல வேண்டும். டோனிட்டாவின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று பிரசங்கி அரைமணி நேரம் மாத்திரைக்கு அடிமையான ஆத்துமாக்களைப்பற்றிப் பேசினபோது இந்த மோசெல் முதல் பெஞ்சில் உட்கார்ந்து “ஆமென்” சொன்னாள். அன்றைக்கு அவர் முடிவு செய்தார், இவர்கள் வாயில் என் மகள் பேர் இனி விழக்கூடாது என்று. சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். தைக்கத் தெரிந்தவளுக்கு யார் தையல் என்று தெரியாதா, பதினொரு வருஷத்து நூல் வேறு, இந்த வருஷத்து நூல் வேறு இல்லையா என்று தனக்கே சொல்லிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

கூட்டத்தில் மிச்சப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு இரண்டு நாள் ராப்பகலாக வந்து தைத்தார்கள். ஜன்னல் வழியே சிரிப்புச் சத்தமும், ஓர்பாவின் பழைய மிதி மெஷின் கடகடக்கிற சத்தமும் வந்தது. போகும்போது போர்வையை வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். டெல்மர் நன்றி சொன்னார். நாலு வருஷத்தில் முதல் தடவை.

ஓர்பா கண்ணில் கட்டோடு வந்தாள். கண்ணுக்குள் காற்றுக் குமிழி விட்டிருக்கிறார்களாம். ஏழு நாள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும், நிமிர்ந்தால் எல்லாம் வீண். முகத்துக்கு ஓட்டை வைத்த ஒரு பலகையை ஆஸ்பத்திரியில் வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். முன்னறையில் அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். தலையை அசைக்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள்.

“போர்வை என்னாச்சு?”

“மோசெல் வந்து மிச்சத்த முடிச்சுக் குடுத்துட்டா. பட்டியும் கட்டியாச்சு.”

“யாரு கூப்பிட்டா அவள?”

“நான்தான்.”

“சரி. மே மாசத்துக்குள்ள என்னால ஆயிருக்காது. அந்த மூலையத் தொடலையே?”

“தொடல.”

“எந்திரிச்சதும் மொதல்ல அதத்தான் தொட்டுப் பாக்கணும். சுருட்டி உள்ள போனப்புறம் நான் அதப் பாக்கவேயில்ல. இனிக் கண்ணால எங்க பாக்கறது, விரலாலயாவது.”

மறுநாள் அவள் தூங்கும்போது டெல்மர் பெட்டியைத் திறந்தார். அப்படி ஒரு வேலை. பத்துப் பத்தாக, பயிர் வரிசைபோல. அவருக்கே சந்தோஷமாக இருந்தது. ஒரு மூலையை விரித்தார். பத்து. அடுத்த மூலை. பத்து. மூன்றாவது. நாலாவது. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். நாலு மூலையும் ஒன்றுபோல இருந்தன.

மேல்கோட்டைக்கூட மாட்டாமல் ஓடைப்பாலத்தைத் தாண்டி மோசெல் வீட்டுக்கு நடந்தார். சேறு கணுக்கால் வரை. வாசலில் நின்று இருமி முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

“உள்ள வாங்கண்ணே, நெஞ்சு இந்த இழுப்பு இழுக்குது.”

“மூலையில இருந்த விசிறியப் பிரிச்சியா?”

“எந்த மூல?”

“பெரிசு பெரிசா தைச்சிருந்த மூல.”

“அதுவா. அதுதாண்ணே இருந்ததுலயே மோசம். அதத்தான் மொதல்ல பிரிச்சேன்” என்றாள் மோசெல். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“அது ஓர்பா தைச்சதில்ல.”

அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டை மேஜைமேல் வைத்தாள். யார் தைத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நூலு பழசா இருந்துச்சு” என்றாள். “பாத்தேன். அக்கா வீட்ல இருந்த பழைய நூல்கட்டையில தைச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். ரெண்டும் ஒரே மாதிரிதாண்ணே இருந்துச்சு. கண்ணு தெரியாம அக்கா தைச்சதும் அதுவும்.”

“அந்த நூல் எங்க?”

“அடுப்புல போட்டோம். எப்பவும் போடறதுதான், யாரும் பாக்கக்கூடாதுன்னு.” பிறகு கோபமாக, “சொல்லிருக்கலாமே. ஒரு வார்த்த. வாசல்ல நின்னீங்களே” என்றாள்.

“உன்கிட்டயா?”

“என்கிட்டதான். நான் என்ன பண்ணுனேன் உங்களுக்கு?”

“ஆமென் சொன்னியே.”

மோசெல் அவரையே பார்த்தாள். “பிரசங்கி நிறுத்தினா எல்லாருந்தான் சொல்லுவாங்க. எனக்கு அவர் என்ன சொன்னார்னுகூட நெனவில்ல. என் பையன் அப்ப உள்ள இருந்தான், மாத்திர வித்ததுக்கு. எனக்கு எங்க காது கேட்டுது.”

பிறகு மோசெல் சொன்னாள், “நான் வந்து அந்த விசிறியத் திரும்பப் பிரிச்சு, கெட்டதா தைச்சுத் தரேன்.”

அவள் அங்கேயே ஒரு பழந்துணியை எடுத்து, சுண்ணக்கோடு போட்டு, தைத்துப் பார்த்தாள். முதல் தையல் பெரிதாக விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதிலிருந்து அவள் கை தானாகச் சிறுத்துவிட்டது. பெரிதாக வைத்தாலும் எல்லாம் ஒரே அளவாகப் பெரிதாக வந்தன. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். அதுவும் அப்படித்தான். “எனக்குக் கெட்டதா தைக்க வரலண்ணே” என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அம்பது வருசமாச்சு. வரமாட்டேங்குது.”

டெல்மர் வீட்டுக்கு வந்தார். பீன்ஸை வேகவைத்துவிட்டு, அடுப்பங்கரை மேஜையில் போர்வையின் அந்த மூலையை மட்டும் விரித்தார். எது அந்த மூலை என்று அவருக்கும் நிச்சயமில்லை. நாலில் ஒன்றில் அடித்துணி கொஞ்சம் வெளிறியிருந்தது, அதை எடுத்துக்கொண்டார். ஓர்பாவின் தையல் பெட்டியைத் திறந்தார். கறுத்த இரும்புக் கத்தரி, கழுத்து வளைந்த சின்னக் கத்தரி, பன்றித் தோலில் செய்த ஊசி உறை, அவள் அம்மா விரலில் மாட்டித் தைத்த வெள்ளி அங்குஸ்தான். அங்குஸ்தான் அவர் சுண்டுவிரல் நுனியில்கூட ஏறவில்லை. பழைய கையுறையிலிருந்து தோலை வெட்டி விரலில் சுற்றிக்கொண்டார்.

பிளேடால் மோசெல்லின் தையலைப் பிரிக்கவே ஒரு காலை முழுதும் ஆயிற்று.

“என்ன பண்ற அங்க?” என்று முன்னறையிலிருந்து தரையைப் பார்த்தபடி ஓர்பா கேட்டாள். “ஒண்ணும் சத்தமில்லையே.”

“உருளைக்கிழங்கு உரிக்கிறேன்.”

“எத்தன பேருக்கு? காலையிலேந்து உரிக்கிற.”

“பேசாமப் படு. தலைய ஆட்டாத.”

பிறகு தைக்க உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை போர்வையில் ஊசி குத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. சுரங்கக் கூரையில் இரும்பு முளை அடிக்கிற துளைப்பானைப் பிடித்துப் பிடித்து நரம்பு செத்த கை அது. ஊசி விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நூல் கோக்கக் கண் போதும், ஆனால் துணிக்குள் விட்டால் அடியில் எங்கே வருகிறது என்று தெரியவில்லை. கை உதறியது. ஒரு தையல் கால் அங்குலம், அடுத்தது அரை அங்குலம், அதற்கடுத்தது கோட்டை விட்டு அப்பால். பழைய ஊசித் துளை ஏதாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோசெல்லின் துளைகள்தான் தெரிந்தன. டோனிட்டா எப்படித் தைத்தாள் என்று நினைவுபடுத்தப் பார்த்தார். அவள் தைத்ததை அவர் ஒருநாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. பெரிதாக இருந்தது, அம்மா கேலி செய்தாள், மகள் நாக்கை நீட்டினாள். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

விரலில் குத்தி ரத்தம் ஒரு பொட்டு சிவப்புத் துணிக்கு அருகே வெள்ளையில் பட்டது. ஓர்பா செய்வதைப் பார்த்திருக்கிறார்: ஒரு துண்டு நூலை வாயில் போட்டு மென்று, அந்த எச்சிலால் ஒற்றினால் தன் ரத்தம் தன் எச்சிலில் போய்விடும். மென்று ஒற்றினார். போயிற்று.

ஐந்து வளைவுக்கு நாலு நாள். ஒவ்வொரு நாளும் உருளைக்கிழங்கு என்றார், கத்தி தீட்டுகிறேன் என்றார், ரேடியோ ரிப்பேர் என்றார். சாப்பாட்டை அவளுக்குக் கரண்டியால் கீழிருந்து ஊட்டினார். அவள் சிரித்து, “மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி இருக்கு” என்றாள்.

ஏழாம் நாள் தங்கை வந்து கட்டை அவிழ்த்தாள். ஜன்னல் இருக்கிற திசையில் வெளிச்சம் தெரிகிறது என்றாள். வேறு ஒன்றும் இல்லை. அதிகமாக எதிர்பார்க்கக்கூடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தானாம். அழவில்லை. முகம் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, போர்வையைக் கொண்டுவா என்றாள்.

மடியில் விரித்தார். அவள் இரண்டு கையையும் நடுவில் வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனாள். போன கை நின்றது.

“இது என் தையலில்ல.”

டெல்மர் போர்வையின் ஓரத்தை அவள் முழங்கால்மேல் இழுத்துவிட்டார்.

“பிரிச்சிட்டாங்க” என்றாள். “சரிதான். மோசெல்லோட அம்மாவுக்கு நானே பண்ணிருக்கேன். அந்தக் கிழவி அடுத்த வாரம் வந்து தடவிப் பாத்துட்டு, ‘என் கை இன்னும் விட்டுப் போகல, ஓர்பா’ன்னா. நான் ஆமான்னேன்.” கொஞ்சம் சிரித்தாள். “அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்ல?”

“தெரியாது.”

“தெரிஞ்சிருக்கும். சரி, மூலையக் குடு. எது?”

அவர் அந்த மூலையை எடுத்து அவள் விரலடியில் வைத்தார். விரல் முதல் வளைவைக் கண்டுபிடித்தது. முகம் மலர்ந்தது.

“இதோ இருக்கா பாரு” என்றாள். “அம்மாடி, எவ்வளவு பெரிசு. காலு நகம் மாட்டும்டீன்னு சொன்னேன். மாட்டட்டும், போத்திக்கிறவன் நகத்த வெட்டட்டும்னா. சொன்ன பேச்சு ஒண்ணு கேட்டாளா அவ.”

இரண்டாவது வளைவு. மூன்றாவது. விரல் மெதுவாயிற்று. திரும்பி வந்து முதலிலிருந்து தடவியது.

“டெல்மரு.”

“ம்.”

“இப்படியா தைச்சிருந்தா? பெரிசா இருக்கும், ஆனா இழுத்துப் புடிச்சுத் தைப்பாளே. இங்க பாரு, ஊசி உள்ள போயிட்டு வழி தெரியாம ரெண்டு தடவ வந்திருக்கு. இங்க ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. இது தெரியாத கையில்ல. இது நடுங்குற கை.”

டெல்மர் அடுப்பைப் பார்த்தார்.

“முதுகு புடிச்சது அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சுத்தான? ஆஸ்பத்திரிக்காரன்தான் மாத்திரயப் பழக்கினான்னு நாலு வருசமா நான் அவனையே திட்டிட்டுக் கெடந்தேன். அப்ப இது என்ன?” அவள் விரல் அதே இடத்தில் முன்னும் பின்னும் போயிற்று. “அப்பவே அந்த மாத்திரப் பழக்கம் இருந்திருக்கு. இந்த வீட்ல, இந்தச் சட்டத்துக்கிட்ட, என் பக்கத்துல உக்காந்துட்டு. எனக்குக் கண்ணு நல்லா இருந்த காலம் அது. நான் அவ தையலப் பாத்துச் சிரிச்சேன். கையப் பாக்கல.”

“அப்படியெல்லாம் இல்ல.”

“பின்ன எப்படி? சொல்லு.”

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான். அதைச் சொன்னால் அந்த மூலை போய்விடும். கடைசியாக இருந்ததும் அடுப்பில் எரிந்துபோனதாகிவிடும். சொல்லாவிட்டால் இவளுக்கு இந்த நினைப்பு. இருமல் வந்தது, இருமினார். இருமி முடித்ததும் சொன்னார்.

“குளிரா இருந்திருக்கும். விரல் வெறைச்சிருக்கும்.”

ஓர்பா போர்வையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அது ஜூலை மாசம்” என்றாள்.